பித்தளைத் தட்டின் பிசிறு

ஆகஸ்ட் 19, 2025 – செவ்வாய்

இன்றும் தட்டு வேலைதான். விஸ்வநத்தத்தில் அம்மா வேலைக்குப் போகும் பட்டாசு கம்பெனிக்கு, மருந்து நிரப்பும் பித்தளைத் தட்டுகள். வரிசையாக ஓட்டைகள். மேலே மருந்தைப் போட்டுக் கையால் தள்ளினால், கீழே அடுக்கியிருக்கும் காகிதக் குழாய்களில் இறங்கிவிடும். தீபாவளி வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

போன வருஷம் ஒவ்வொரு தட்டுக்கும் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மேற்பரப்பைச் சீவு, ஓட்டை போடு, ஓட்டையின் விளிம்பை மழுக்கு. இப்போது அவற்றை ஒரே தொகுப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். புதுப் படத்தைத் திறந்து தொகுப்பை இழுத்துவிட்டால் மெஷினுக்கான புரோகிராம் வந்துவிடுகிறது. பட்டறை முதலாளி மகேஷ்குமார் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பட்டன் அமுக்குறதுக்கா டிப்ளமா படிச்ச?" என்று சிரித்தார். முதலாளி சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

ஆகஸ்ட் 26

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. தட்டு.

செப்டம்பர் 3 – புதன்

அம்மா சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டாள். ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை. கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை முழுக்கக் கீறல்.

"புதுத் தட்டு வந்துச்சுல்லா, கைய வச்சுத் தள்ளுனா அறுக்குது. எனக்கு மட்டுமா? அங்கன எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு."

புதுத் தட்டு. எங்கள் தட்டு.

செப்டம்பர் 4

பட்டறைக்குப் போனதும் தொகுப்பைத் திறந்தேன். கடைசி வேலை, விளிம்பை மழுக்குவது, நிறுத்தப்பட்டிருக்கிறது. பெயர் இருக்கிறது, பக்கத்தில் டிக் இல்லை. அனுப்பக் காத்திருந்த தட்டில் விரலை ஓட்டினேன். ஓட்டைக்கு ஓட்டை விளிம்பில் கூரான பிசிறு. நாங்கள் அளவை மட்டும்தான் பார்த்து அனுப்புகிறோம். அளவெல்லாம் சரி.

கை அறுபடுவது மட்டும் என்றால் பரவாயில்லை. மருந்துக்கு உரசல் ஆகாது, பற்றிக்கொள்ளும். இந்த ஊரில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலை ஷிப்டுக்குப் புரோகிராம் போட வரும் சூர்யபிரகாஷ் அண்ணனிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"போன மாசம் ஒருநா மழுக்குற கட்டர் ஒடிஞ்சு போச்சு. வேற இல்ல. லோடு ஏத்த வண்டி வந்து நிக்குது. அத நிறுத்திட்டு ஓட்டுனேன்."

"அன்னைக்கு மட்டும் நிறுத்துனா போதுமே அண்ணே. தொகுப்பையே எதுக்கு அப்படிச் சேமிச்சீக?"

"சேமிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த தட்டெல்லாம் அந்தத் தொகுப்பிலிருந்துதான். பாதிக்கு மேல் நான் இழுத்துவிட்டவை. ஒருமுறையாவது திறந்து பார்த்தேனா?

"அண்ணாச்சிகிட்ட சொல்லிறாத தங்கச்சி. இப்பந்தான் பிள்ள பெறந்துருக்கு," என்றார்.

செப்டம்பர் 5

அண்ணாச்சியிடம் சொன்னேன். யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சீசன் நேரம். திருப்பி வாங்குனா ஆர்டர் போயிரும். பிசிறுதான, அவுகளே தேச்சுக்கிடுவாக."

"மருந்து அறையில வச்சா தேப்பாக அண்ணாச்சி?"

போனைக் கையில் எடுத்தார். "நான் அந்தக் கம்பெனில பேசிக்கிடுறேன். நீ போ."

தொகுப்பைச் சரிசெய்துவிட்டேன். இனிப் போவது நன்றாக இருக்கும். போனது?

செப்டம்பர் 6

அண்ணாச்சி கம்பெனியில் பேசவில்லை. அம்மாவை லீவு போடச் சொன்னேன்.

"போட்டா அந்த எடத்துல வேற ஆளு வருவா. அவ கை மட்டும் கல்லா?"

கம்பெனி வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

செப்டம்பர் 8 – திங்கள்

"பேசிட்டீகளா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "பாப்போம்" என்றார்.

எத்தனையோ வருஷமாக அம்மா அந்த வேனில் போகிறாள். ஒருநாளும் நான் இப்படிப் பயந்து உட்கார்ந்திருந்ததில்லை. அப்போது தட்டு என்னுடையது இல்லை. இன்று மெயின்ரோட்டில் சைரன் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன். ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போனது. வேறு பக்கம்னா அது யாரோட அம்மாவோ. என்னால முடியல. பாப்போம் பாப்போம்னா எதப் பாக்க?

செப்டம்பர் 9

அரை நாள் லீவு போட்டு அம்மாவின் கம்பெனிக்குப் போனேன். போர்மேன் முனியராஜ் கேட்டுக்கு வெளியே வந்தார். பிசிறு இல்லாத ஒரு தட்டையும், பிசிறுள்ள ஒன்றையும் கொடுத்தேன். இரண்டிலும் விரலை ஓட்டினார். பிறகு விரலைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"தட்டு செய்யுற பட்டறைல வேலை பாக்குறேன். மாடத்தி மக மாரிசெல்வி."

"மாடத்தி ஒரு வார்த்த சொல்லலயே?"

"வேல போயிரும்னு பயம்."

தட்டுகளோடு உள்ளே போனார். சற்று நேரத்தில் மருந்து அறைகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 10

தட்டுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நான் பேசிக்கிடுறேன்னு சொன்னேன்லா? எங்கிட்டச் சொல்லாம அங்கன போவியோ?"

"மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன் அண்ணாச்சி."

"எவன் அத நிறுத்துனது? அதச் சொன்னியா?"

பின்னாலிருந்து சூர்யபிரகாஷ் அண்ணனின் குரல் வந்தது. "நாந்தான் அண்ணாச்சி."

இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "போயி வேலையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். ஓட்டைகளில் மருந்து ஒட்டியிருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவி, அதன் பிறகுதான் விளிம்பை மழுக்க மெஷினில் ஏற்றினோம். நாள் முழுக்க அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 22

அம்மாவைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஒன்னாலதான்டி. என் சேக்காளிக அம்புட்டுப் பேரும் அங்கன இருக்காக. நான் மட்டும் தனியா அட்டை மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ரொம்ப நேரம் திட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மருந்து இல்லை, எனக்குச் சந்தோஷம். அதை அவளிடம் சொல்ல முடியாது. அந்தச் சேக்காளிகளின் பிள்ளைகளிடமும் சொல்ல முடியாது.

அக்டோபர் 20

தீபாவளி. எங்கள் தெருவில் வெடிச்சத்தம் குறைவு. சீசன் முடிந்த அலுப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 11 – செவ்வாய்

அந்தக் கம்பெனி அடுத்த தட்டு ஆர்டரை விருதுநகரில் ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது. அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி இதைச் சொன்னார். இப்போது காலண்டர் அட்டைக்குச் சாமிப் படம் புடைத்து வருவதற்கான அச்சுகள் செய்கிறோம். அதற்கும் தொகுப்பு போட்டாயிற்று.

மாலை கிளம்பப் பையை எடுத்தபோது சூர்யபிரகாஷ் அண்ணன் கூப்பிட்டார். இத்தனை நாள் கழித்து.

"இந்த அச்சுக்கு ஒரு வேலைய மாத்திருக்கேன். பழைய பேர்லயே சேமிக்கவா, வேற பேர் போடவா?"

"எத மாத்துனீக?"

எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.