பதின்மூன்று போதும் என்றவனும் இருபது கேட்ட நானும்

அன்புள்ள சந்தனமாரிக்கு,

பின்பக்கம் தவிர நான் நலம். கம்பெனியின் புல்வெட்டும் வண்டியை ஓட்டியதில் பேன்ட் கருகி, இரண்டு நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

ஆயுதபூஜை முடிந்ததும் வண்டி கிளம்பவில்லை. எஞ்சின் செத்துவிட்டது என்று நான்தான் தீர்ப்பளித்தேன். "பழசு பதிமூணு எச்.பி., அதயே போடுயா" என்றான் சூப்பர்வைசர் தணிகைவேல், ஒரகடத்து அறிவையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவன். வீம்புக்கு மேனேஜரிடம் சொல்லி இருபது வாங்கவைத்தேன். அதன் சைலன்சர் சீட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"இன்னொரு தபா வாயத் தொறந்தா வண்டியப் புடுங்கிக்கினு கைல அருவா குடுத்துருவேன்" என்கிறான் தணிகைவேல். அந்த மூஞ்சிக்கு முன்னால் குனிந்து புல் அறுப்பேனா?

காக்கி பேன்ட் ஒன்று அனுப்பு. நீ இடித்த பருப்புப்பொடியும் கொஞ்சம். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் மகாராஜா

பி.கு.: பூஜையில் சூடம் ஏற்றியபோது பயந்துபோய்ப் பெட்ரோல் வால்வை மூடியவன் நான். புது எஞ்சினைப் பூட்டிய பிறகுதான் அது திறக்கப்படவே இல்லை என்று பார்த்தேன்.