நாற்காலிக்கு வைத்த பொட்டு

ஐப்பசி 6, வியாழன்

இன்றும் அவர் மாடியில், நான் கீழே. பக்கவாதம் வந்தவரை ஏற்றி இறக்கும் படிக்கட்டு நாற்காலி நின்று ஒன்பது நாள் ஆகிறது. என் முழங்காலை வைத்துக்கொண்டு பதினாறு படி ஏற முடியாது. அவர் காபியை மருமகள் மேலே கொண்டுபோகிறாள். எனக்குத் தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் பம்மலிலிருந்து மெக்கானிக் வந்தார். படியோரத் தண்டவாளத்தின் அடியிலிருந்த பித்தளைத் தகட்டை நகத்தால் சுரண்டினார்.

"இன்னாம்மா இது, சந்தனமா? சார்ஜ் ஏறுற எடத்துல யாரு பொட்டு வச்சது?"

ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். அவரைச் சுமக்கிற நாற்காலிக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பேன்? ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வீட்டில் எதையும் என் தப்பு என்று நான் ஒப்புக்கொண்டதே இல்லை. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மேலிருந்து அவர் குரல் குழறிக்கொண்டு வந்தது. "நான்தாம்பா வச்சேன்."

பூஜையன்று அவர் கீழே இறங்கவே இல்லை.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "நல்லா வச்சீங்க சார்! பேட்டரி சுத்தமா எறங்கிடுச்சு. ராத்திரி பூரா சார்ஜ் ஏறட்டும், காலையில நீங்க எறங்கிடலாம்."

படியடியில் பச்சை விளக்கு எரிகிறது. இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவர் வந்து உட்கார்ந்ததும், வைத்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மேலே அவர் இருமுகிறார். நானும் இருமினேன். திரும்பவும் இருமினார், இந்தமுறை வேண்டுமென்றே.