எல்மர் கேட்டதும் நான் தலையாட்டியதும்

சேசு மரி சூசை துணை
விராலிமலை, 9-11-1962

அன்பு மகன் ராயப்பனுக்கு அப்பா இன்னாசி எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் தங்கச்சி சந்தனமேரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. உன்னிடமிருந்து கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. தபால்காரர் ராக்கன் நம் லாரிப் பட்டறைப் பக்கம் சைக்கிளை நிறுத்தாமலே போகிறார், வருகிற கோபத்தில் அவர் டயரைக் குத்திவிடலாம் போல இருக்கிறது, பாவம் அவர் என்ன செய்வார். டீக்கடை ரேடியோவில் சீனாக்காரன் அங்கே வந்துவிட்டான் இங்கே வந்துவிட்டான் என்கிறார்கள், நீ இருக்கிற இடத்தை எழுதக்கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிவிட்டதால் எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் நீ அங்கேதான் இருக்கிறாயோ என்று ரேடியோப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தோம். நம் ஆட்களுக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வழக்கம்போலச் சுவரோரம் தனியாக ஒன்று ஏற்றினேன். இத்தனை வருஷம் பேசாமல் இருந்த உன் ஆத்தா இந்த வருஷம் பிடித்துக்கொண்டாள். புள்ள சண்டையில நிக்கிறப்ப ஆளில்லாத எடத்துல எதுக்குங்க வத்தி, யாருக்குன்னு இப்பவே சொல்லுங்க என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்துநாலில் இத்தாலிச் சண்டையில் நான் பட்டாள மெக்கானிக்காக இருந்தபோது எங்களுக்குத் துணையாகக் கனடாக்காரர்களின் டாங்கிகள் வந்தன. அதில் எல்மர் என்று ஒரு மெக்கானிக், என்னைவிட நாலு வயது சின்னவன். கோதுமைக் காட்டுக்காரன், அப்பன் இல்லை, பதினாலு வயதிலிருந்து ஊரார் டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டியவன். ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தே எஞ்சினுக்கு என்ன சீக்கு என்று சொல்லுவான். நாரத்தங்காய் ஊறுகாயைத் தின்று கண்ணில் தண்ணீர் வடிய இன்னொரு துண்டு கேட்பான். அவனுக்கு நாலு தமிழ் வார்த்தை, எனக்கு நாற்பது இங்கிலீஷ் வார்த்தை, மிச்சமெல்லாம் ஜாடைதான். குளிரில் எஞ்சின் கிளம்பாவிட்டால் முந்தின நாளே ஆயிலைச் சூட்டோடு டின்னில் இறக்கி வை, காலையில் காய்ச்சி ஊற்று என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது அவன் சொல்லிக்கொடுத்தது. அவன் ஊரில் அந்த டின்னை அம்மாவின் அடுப்படியில் வைத்து வசவு வாங்குவானாம்.

ஒரு நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாங்கி ஒன்று செயின் அறுந்து நின்றது, இழுக்க இரண்டு பேரும் போனோம். பாதையோரம் கண்ணிவெடி இருக்கிறது என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் இழுவை வண்டியின் மேலே, ஒரே எஞ்சின் இரைச்சல். எல்மர் கீழே நின்று அந்த ஓரத்தைக் காட்டி, வெடி இருக்கா என்று கத்திக் கேட்டான். கத்திப் பதில் சொல்லச் சோம்பல்பட்டு, இருக்கு என்று தலையை ஆட்டினேன். நம் ஊரில் ஆமாம் என்பதற்கு ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, அப்படி. அவர்கள் ஊரில் தலை பக்கவாட்டில் ஆடினால் இல்லை என்று அர்த்தமாம். சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிட்டு நடந்தான். நாலு எட்டுதான். வாய் இருந்தும் ஊமையாக இருந்த பாவி நான்.

நாற்பத்தாறில் அவன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, பங்குச் சாமியார்தான் படித்துச் சொன்னார். கடைசியில் நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்களாம், என் மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டிருந்தாள். பதினாறு வருஷமாக நான் பதில் போடவில்லை. பயம்தான், வேறென்ன. அந்தத் தாயும் இப்படித்தானே தபால்காரனைப் பார்த்துப் பார்த்து நின்றிருப்பாள் என்று இந்த இருபத்தாறு நாளில்தான் எனக்கு உறைத்தது. அவ உசுரோட இருக்காளோ என்னமோ, எழுதிப் போட்டுருங்க என்கிறாள் உன் ஆத்தா. நடந்ததை நடந்தபடி தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், என் தப்பை மழுப்பாமல் இங்கிலீஷில் எழுதி எனக்கே திருப்பி அனுப்பு. சந்தனமேரி தானே எழுதித் தருவதாகச் சொன்னாள், நான் விடவில்லை, அது உன் கையெழுத்தில்தான் வர வேண்டும். உன் பட்டாளத்துப் பட்டறையில் பஞ்சாபி, கூர்க்கா, வங்காளி என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டாதே ராயப்பா, வாயைத் திறந்து சொல், இரண்டு தடவை சொல், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு நகரவிடு. நீ கேட்டாலும் அப்படியே. கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். அந்த இங்கிலீஷ் தாளை மறக்காமல் சீக்கிரம் அனுப்பு, கனடாவுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அதைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறாள் உன் ஆத்தா.

இப்படிக்கு,
பட்டறை வாசலை விட்டு நகராத உன் அப்பா,
ம. இன்னாசி