எட்டில் ஒரு பங்கு

சிதம்பரம்
12-7-1965

அன்பு மகன் ரஃபியுதீனுக்கு உன் அம்மா ஆசியா உம்மாள் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், கடலூரில் உன் அக்கா அமீருன்னிசாவும் பிள்ளைகளும் ஆண்டவன் கிருபையால் சுகம். சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். முழங்கால் வலிதான் என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறது, நாலு வாளி தண்ணீர் இறைத்தால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன்.

வீட்டு ஏஜெண்டு லைசென்ஸ் உனக்குக் கிடைத்துவிட்டது என்று படித்ததும் அழுதுவிட்டேன். துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியது போதும், இனி நாற்காலியில் உட்கார். மவுத்தாகிப் போன உன் அத்தா காலமெல்லாம் இந்த ஊரில் வீட்டுத் தரகு பார்த்தாரே, அவரிடம் யார் லைசென்ஸ் கேட்டார்கள்? வெள்ளைச் சட்டையும் வாயும்தான் அவருக்கு முதல். தரகன் வருகிறான் என்றால் பாதிப்பேர் கதவைச் சாத்துவார்கள். உன்னை சர்க்கார் முத்திரையோடு பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அது இருக்கட்டும். லைசென்ஸ் வந்த கையோடு முதல் வியாபாரமாக நம் வீட்டையே விற்கப் பேசிவிட்டாயே அப்பா. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடலூரிலிருந்து உன் மச்சான் நைனா முகம்மது, அரிசி மண்டி சுப்புராயனையும் அவர் சம்சாரம் தங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். ஆண்கள் முன்கட்டிலேயே உட்கார்ந்தார்கள், தங்கம்மாள் அடுப்படிக்கு வந்தாள். சுவரைத் தடவினாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், அப்புறம் என் பக்கத்தில் குந்தி, ஏம்மா, அவுங்க எல்லாம் சொல்றாங்க, விக்கிறதுல ஒங்களுக்கு மனசு ஒப்புதா என்று கேட்டாள். நான் அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய்ப் புருஷனிடம் என்ன சொன்னாளோ, வெற்றிலை பாக்கு மாற்றாமலே போய்விட்டார்கள். ஜாஸ்தி வெலைக்கு வந்த பார்ட்டி, கெடுத்துட்டீங்களே மாமி என்று உன் மச்சான் குதித்துவிட்டுப் போனார்.

உன் அத்தா எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் பேசுமுன் என்னைக் கொல்லை வழியாக உள்ளே அனுப்புவார். பொம்பளைங்க மனசு தெரியாம வெத்தலை மாத்துனா வாங்குனவனுக்கும் நிம்மதி இல்ல, வித்தவனுக்கும் இல்ல என்பார். எத்தனை அடுப்படியில் நான் போய்க் கேட்டிருக்கிறேன். என் அடுப்படியில் கேட்க ஊரார் வீட்டுப் பெண் வர வேண்டியிருந்தது.

மார்க்கப்படி உன் அத்தா விட்டுப்போன வீட்டில் எனக்கு எட்டில் ஒரு பங்குதான். ஏழு பங்குக்கும் உரிய நீயும் அக்காவும் பேசிக்கொண்டீர்கள், மிச்சப் பங்கு தானாக வந்துவிடும் என்று நினைத்தீர்கள். வரத்தான் போகிறது. நானும் அலுத்துவிட்டேன் ரஃபியுதீன். ஓடு மாற்ற ஆள் தேடவும் கிணறு தூர்வாரவும் இனி என்னால் ஆகாது. வீட்டை விற்றபின் கடலூர் செம்மண்டலத்தில் மருமகன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குமா என்பதுதான் பயம். அமீரு நல்லவள்தான், ஆனாலும் இன்னொரு வாய் டீ வேண்டுமென்றால் அங்கே நான் யாரைக் கேட்பது?

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் தொழிலில் அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டட்டும். அங்கே யார் வீட்டைப் பேசினாலும் உள்ளே இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சுப்புராயன் வீட்டார் இந்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு கடிதம் போடு, மச்சானுக்கு இல்லை, எனக்கு. அம்மா, வித்துடலாமா என்று ஒரு வரி கேள். சரி என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனாலும் கேள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
ஆசியா உம்மாள்