கேட்டை நிறுத்திய எட்டு ஜிபி

மார்ச் 4
கிடங்கின் கேட்டைத் திறக்கும், என் பொறுப்பிலுள்ள ஜாவா புரோகிராம் இன்றும் மத்தியானம் செத்தது. திரும்ப ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. வெளியே லாரிகள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கேட்டில் உட்காரும் மீசைக்காரர் முகத்தில் ஒரு டிரைவர் துப்பிவிட்டான். துடைத்துக்கொண்டு, "எப்போ தம்பி சரியாகும்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 5
பிழைச் செய்தி எதுவுமே இல்லை. தானாகச் செத்தால் ஒரு வரியாவது எழுதிவிட்டுச் சாகும். வெளியிலிருந்து எதுவோ கொல்கிறது. எது?

மார்ச் 6
பிடித்துவிட்டேன். ஜாவா எட்டு ஜிபி மெமரி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று செட்டிங்கில் இருக்கிறது. அது ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ, அதாவது தலைமை அலுவலக சர்வரில் எங்களுக்கு ஒதுக்கிய பங்கிலோ, இப்போது மொத்தமே நாலு. முன்பு பதினாறு இருந்தது. லாரிகள் குவியும் நேரத்தில் ஜாவா நாலைத் தாண்டப் பார்க்கும். மெஷின் அதன் கழுத்தை நெரித்துவிடும்.

மெமரியைக் குறைத்தது யார்? தலைமை அலுவலகத்தில் சர்வர்களைப் பார்க்கும் அத்தான். அக்கா புருஷன். போன் செய்தேன்.

"வேற வேலைக்கு எடுத்தேன் மச்சான். அடுத்த வாரம் தரேன்."

"இங்க அடிதடி ஆயிடும் அத்தான்."

"சும்மா பயமுறுத்தாதே."

ஜாவாவையாவது மூன்றுக்குக் குறைக்கிறேன், அதற்குள் சமாளித்துக்கொள்ளும் என்றேன். அதற்கும் அவர் அனுமதி வேண்டும். நாளைக்கு மீட்டிங் முடித்துத் தருகிறாராம்.

மார்ச் 7
டிரைவருங்க, நானும் மீசைக்காரரும் இருந்த கேட் கேபின் கண்ணாடியை உடைச்சிட்டு உள்ளே வந்துட்டாங்க. மீசைக்காரர் தலைமுடியைப் பிடிச்சு மேஜை விளிம்புல மோதினாங்க. மோதினாங்க. மோதிக்கிட்டே இருந்தாங்க. "தம்பி, தம்பி"ன்னு கத்துறார். நான் என்ன செஞ்சேன்? அனுமதி வந்துச்சான்னு ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு நின்னேன். கீபோர்டு மேல ரத்தம். ஒரு பல்.

அனுமதி வந்தப்போ அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. எட்டை அழிச்சு மூணுன்னு போட்டேன். அவ்வளவுதான். கேட் திறந்துச்சு.

மார்ச் 8
மீசைக்காரருக்கு இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தலைமை அலுவலகம் போனேன். "அதான் சரியாயிடுச்சே" என்றார் அத்தான். மேஜையிலிருந்த காபி மக்கை எடுத்து முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள்.

நல்லா இருந்துச்சு. அதையும் எழுதித்தான் ஆகணும்.

மார்ச் 9
அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவர் மூக்கெலும்பு உடைஞ்சு போச்சுடா."

"அவரால ஒரு மனுஷனுக்குக் கண்ணு போச்சுக்கா."

"அதுக்கு நீ யாரு அடிக்க?"

அதே செருப்போடு திரும்பிப் போய்விட்டாள்.

மார்ச் 12
நான் அடித்ததற்குக் கம்பெனிக்காரர்கள் போலீசுக்குப் போகமாட்டார்களாம். போனால் மெமரியைக் குறைத்த கதை வெளியே வருமே. என் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, காலியாகக் கிடந்த கேட் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2
புரோகிராம் அதன்பிறகு ஒருதடவைகூட விழவில்லை.

காலையில் ஒரு லாரி கேட்டை மறித்து நின்றது. டிரைவர் நுழைவு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் லாரிக் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "என்னய்யா?" என்றுதான் கேட்டேன். வயசானவர், அப்பாவைவிட மூத்தவராக இருப்பார். என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டார்.