உமிக்குள் வைத்த பனிமலைப் பாசி

இன்று காலை ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே ஒரு கம்பெனியின் மதில் சுவர். வெயில் காலமெல்லாம் கரி பிடித்தாற்போல் கிடந்த சுவர், ராத்திரி பெய்த மழையில் பச்சையாகியிருந்தது. இரண்டு ஆட்கள் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "எத்தினி வாட்டி தேச்சாலும் மழ பேஞ்சா வந்துடுது, சனியன்" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சாகாதப்பா, காய்ந்தால் தூங்கும், நனைந்தால் விழிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல வேண்டியவள் நீ. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

1991. என்னோடு தாவரவியல் படித்தவள் நீ. படிப்பு முடிந்ததும் நான் ஸ்ரீபெரும்புதூர் ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன், நீ சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போனாய். இமயமலையில் மரம்கூட முளைக்காத உயரத்தில் பாறைகளைச் சுரண்டித் திரிந்துவிட்டு, உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றாய். கையில் பதினோரு காகித உறைகள். ஒவ்வொன்றிலும் கருகிய அப்பளம்போல ஏதோ ஒரு பொருக்கு. உறைமேல் மசியில் ஓர் எண். எந்த எண் எந்த உயரம் என்பது உன் நோட்டில் இருந்தது.

"இம்மாந்தூரம் போயி அடுப்புக்கரியா எடுத்துக்கினு வந்த?" என்று கேட்டேன்.

"சயனோபாக்டீரியாடி. நீலப்பச்சைப்பாசி. உயிரோட கீது" என்றாய்.

உன் அப்பாவுக்கு வேலூரில் ஆபரேஷன். ஹாஸ்டலும் லீவுக்குப் பூட்டியாகிவிட்டது. உறைகளை என்னிடம் கொடுத்து, "காயா வச்சிரு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

அவ்வளவுதான் சொன்னாய். நான்தான் அதிகம் யோசித்தேன். பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் மனுஷர் இருக்க முடியாது. பனியில் பிறந்த ஜீவனாச்சே, வெந்து செத்துப்போகுமே என்று ஒரே பதைப்பு. ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? ஐஸ் பாளங்கள் கரையாமலிருக்க உமி கொட்டி மூடிவைப்போம். உறைகளை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரண்டு பாளங்களுக்கு நடுவே அந்த உமிக்குள் புதைத்தேன். செய்த காரியத்தில் பெருமை வேறு!

மூன்றாம் நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பாளம் கரைந்து டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நீ திரும்பி வந்து திறந்தபோது காகிதமெல்லாம் கூழ். நான்கு உறைகளில் எண்ணே இல்லை, வெறும் நீலத் திட்டு.

நீ முதலில் எண்களைப் பார்க்கவில்லை. பொருக்கைப் பார்த்தாய். கறுப்பெல்லாம் உப்பி, ஓரங்களில் பச்சை தெரிந்தது. "ஏய், முழிச்சிக்கிச்சுடி!" என்று கத்தினாய். அந்த ஈரத்தோடு நம் பழைய காலேஜுக்கு என்னை இழுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். ஒன்றில் மணி கோத்த சரங்கள். ஒன்றில் தேன் நிறக் கூட்டுக்குள் இரண்டிரண்டாக, நான்கு நான்காக உருண்டைகள். இன்னொன்றில் மெல்லிய இழைகள், ஒன்றையொன்று உரசி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"கரின்னியே, எத்தினி பேரு குடித்தனம் பண்ணுது பாரு. குளுர இதுங்க தாங்கிக்கும்டி. அந்த ஒசரத்துல வெயிலுதான் மோசம். அதுக்குத்தான் இந்தக் கலர் சட்ட" என்றாய். வெறும் கரியென்று நினைத்ததற்குள் இத்தனை உயிர்களா என்று வாய் பிளந்து நின்றேன். அந்தப் பகலுக்காக இன்றும் உனக்கு நன்றி சொல்கிறேன்.

அப்புறம்தான் எண்கள் உனக்கு உறைத்தன. எந்த உயரத்தில் எந்த வகை வாழ்கிறது என்பதுதானே உன் ஆராய்ச்சி. எண் போனால் உயரம் போச்சு.

"குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டுக்கோயேன். எவனுக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமேடி" என்றாய். கோபம்கூட இல்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாய்.

மறுநாள் உன் ஆராய்ச்சி வழிகாட்டியைப் பார்க்க நானும் சென்னைக்கு வந்தேன். பூந்தமல்லி தாண்டும்வரை மனசுக்குள் ஒத்திகைதான்: "தப்பு என்னுது சார்." அறை வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே உன் குரல் கேட்டது. "என் கவனக்குறைவு சார். நனைய விட்டுட்டேன்." அவர் கத்தித் தீர்த்தார். நீ வெளியே வந்து, "வா, டீ குடிக்கலாம்" என்றாய். நானும் குடித்தேனே! நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுபடி மலையேற அடுத்த கோடைவரை காத்திருந்தாய். ஒரு வருஷம் போச்சு. அதற்குள் பட்டம் வராததால், கைக்கெட்டிய லெக்சரர் வேலையும் போச்சு. ஒரு நாள்கூட நீ குத்திக்காட்டியதில்லை. என் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து பந்தியில் சாம்பார் ஊற்றினாய். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன். "ஜுரம் வந்த கொழந்தையப் பாத்துக்கற மாதிரி அதுங்களப் பாத்துக்கின. அதப்போயி தப்புன்னு எப்பிடிடி சொல்றது?" என்றாய்.

போன மாதம் உன் முதலாண்டு நினைவுக் கூட்டம். உன்னோடு வேலை பார்த்த பேராசிரியர் ஒருவர் மேடையில் உன்னைப் புகழ்ந்துவிட்டு, "அவ்வளவு கவனமானவங்களே ஆராய்ச்சிக் காலத்துல ஒரு தடவை மாதிரிகளை நனைய விட்டுட்டாங்களாம், அவங்களே சொல்வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"அவ நனைய விடலீங்க. கொண்டுபோயி ஐஸுக்குள்ள வச்சவ நானு" என்றேன். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உமி, டப்பா, வாசலில் நின்றது, டீ குடித்தது வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் நீ உன் பெயரில் வைத்திருந்த அந்த ஒரு பிழையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அது என்னிடமே இருக்கட்டும். என்னுடையதுதானே.