எழுபது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை

ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் சனிக்கிழமைகளில் வடை போடுகிறார்கள். சென்ற சனிக்கிழமை கார்க் கண்ணாடியை இறக்கியதும் அந்த எண்ணெய் வாசம் வந்தது. கூடவே உன் நினைவும் வந்தது. சுமதி காய் வாங்க உள்ளே போயிருந்தாள். நீ இருந்திருந்தால் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, "டேய், ஒரு பத்து நிமிஷம் குடு" என்றிருப்பாய்.

அந்தக் கார் பார்க்கிங்தான் உன் ஆராய்ச்சிக்கூடம். அமெரிக்கா வந்து குடியேறிய நம் ஆட்கள் ஓய்வுக்காலத்துக்கு எப்படித் தயாராகிறார்கள் என்பது உன் ஆய்வு. பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டால் டை கட்டிய பதிலாகத்தான் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். தம்பதிகளைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். அதனால் ஒருவரைக் காய் வாங்க அனுப்பிவிட்டு மற்றவரிடம் காரில் பேசுவாய். பிறகு ஆளை மாற்றுவாய். வெண்டைக்காய் பொறுக்குகிற நேரத்தில் ஒரு குடும்பத்தையே பிரித்துப் பார்த்துவிடுவாய்.

கோவையில் ஒரே விடுதி அறையில் பொறியியல் படித்தவர்கள் நாம். நீ தடம் மாறிப் பொருளியலுக்குப் போய்ப் பேராசிரியர் ஆனாய். நான் சிப் வடிவமைத்தேன். ஆயுளில் பாதியைக் கொடுத்த நிறுவனம் சென்ற மாதம் ஒரு வீடியோ அழைப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தச் செய்தியைச் சொன்ன பெண்ணுக்கு என் பெயரை உச்சரிக்கக்கூடத் தெரியவில்லை. அதையும் நான் மறக்கப்போவதில்லை.

உன் முதல் கேள்விகள் எளியவை. வட்டிக்கு வட்டி என்றால் என்ன, விலைவாசி ஏறினால் சேமிப்பு என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒரே கம்பெனிப் பங்கில் போடலாமா. நம்மவர்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. பக்கத்து ஊர் பிளசன்டன்காரர் ஒருவர், "எக்செல்ல போட்டுக் காட்டட்டுமா சார்?" என்று லேப்டாப்பைத் திறந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். தெரியாதவர்கள் திட்டமிடாமல் இருப்பது உனக்குப் புரிந்தது. இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் திட்டமிடவில்லை என்பதுதான் உன்னைக் குடைந்தது. அப்படித்தான் கடைசிக் கேள்வி பிறந்தது.

"உங்களுக்கு எழுபது வயசு. செவ்வாய்க்கிழமை காலையில. ஜன்னலுக்கு வெளியில என்ன தெரியுது?"

என்னையும் காரில் உட்காரவைத்து இதைக் கேட்டாய். ஏன் செவ்வாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் பேரன் பேத்தின்னு சினிமா ஓட்டறாங்கடா. செவ்வாய்க்கிழமைக்குப் பொய் சொல்ல வராது."

நான் யோசிக்காமல் "மருதமலை" என்றேன். பிறகு நான் கடைக்குள் போனேன், சுமதி காரில் ஏறினாள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. அலர்ஜி என்றாள். அது மகரந்தக் காலம், நானும் நம்பினேன்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில் உன்னைப் பேச அழைத்தார்கள். "ஒரு என்ஜினியர். கணக்கெல்லாம் பக்கா. அவர் ஜன்னல்ல மருதமலை தெரியுது. அவங்க வீட்டம்மா ஜன்னல்ல தெரியல. ஒரே சேமிப்பு, ரெண்டு ஊரு!" என்றாய். அரங்கம் சிரித்தது. நீ பெயர் சொல்லவில்லைதான். ஆனால் மருதமலை என்றதுமே முன்வரிசைத் தலைகள் என் பக்கம் திரும்பின. சுமதியும் சிரித்தாள்.

வெளியே வந்து உன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "அவ என்னடா சொன்னா?"

"அது அவங்க சொன்னது. நீயே கேளு."

"என்னுதை மட்டும் ஊருக்கே சொல்லுவியா?"

"நீயே ஊருக்கெல்லாம் சொல்லிட்டடா. உன் வாட்ஸ்ஆப் டிபியே மருதமலைதானே?"

அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை. மறு வருடம் மாரடைப்பில் நீ போய்விட்டாய். உன் இறுதிச் சடங்கன்றே உன் மாணவியிடம், நீ காரில் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவுகளைப் பற்றி விசாரித்தேன். விதிப்படி அழித்தாயிற்று என்றாள். உன் சொந்த ஜன்னலில் என்ன தெரிந்தது என்றும் கேட்டேன். நீ யாரிடமும் சொன்னதில்லையாம்.

நான் மருதமலை அடிவாரத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஃப்ரீமான்ட் வீட்டை விற்றால்தான் அது நடக்கும். சுமதி வருவாளா, மாட்டாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்று கடையிலிருந்து அவள் பைகளோடு வந்து காரில் ஏறினாள். வண்டியைக் கிளப்பாமல் கேட்டேன்.

"அன்னிக்கு அவன்கிட்ட என்ன சொன்ன? அந்த ஜன்னல் கேள்விக்கு."

"இத்தனை நாள் கழிச்சு எதுக்குங்க? நீங்கதான் வீடே முடிவு பண்ணிட்டீங்களே."

"இன்னும் கையெழுத்துப் போடல. சொல்லு."

"'அவரு எங்க இருக்காரோ அங்கதாண்ணா'ன்னேன். அண்ணா சிரிக்கல. 'அது அவன் ஜன்னல், உங்களோடது எங்கேம்மா'ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு." மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "பஸ் ஸ்டாப்புன்னு சொன்னேன்."

"பஸ் ஸ்டாப்பா?"

"ஃப்ரீவேல வேகமா வர்ற வண்டிங்களுக்கு நடுவுல நுழையறப்பெல்லாம் இன்னிக்கும் எனக்குப் பயமா இருக்குதுங்க. வயசான காலத்துல ஓட்டவும் வேண்டாம், யாரையும் கெஞ்சவும் வேண்டாம். கீழ எறங்குனா பஸ்ஸு வரோணும். கோயமுத்தூரோ, இங்கயோ. உங்க மலையடிவாரத்துல பால் வாங்கறதுக்கே காரெடுக்கோணும்."

ஃப்ரீமான்ட் என்று சொல்வாள் என நினைத்து, எதிர்வாதங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவள் ஊரையே சொல்லவில்லை. பிறகு மேடையில் நீ ஏன் 'ரெண்டு ஊரு' என்றாய்? அவள் சொன்னதை மறைக்கவா? அல்லது உன் ஆய்வுப் படிவத்தின் கட்டங்களில் ஊருக்கு மட்டும்தான் இடம் இருந்ததா? உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதது எரிச்சலாக இருக்கிறது.

கையெழுத்துப் போடப்போவதில்லை என்று வீடு விற்பவருக்கு எழுதிவிட்டேன். மேடையில் என்னை வைத்து ஊரைச் சிரிக்கவைத்ததை நான் மன்னிக்கவில்லை; அதுவும் இருக்கட்டும். ஆனால் உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று கோவை வரைபடத்தைத் திறந்துவைத்து, வீடுகளை விட்டுவிட்டு, டவுன் பஸ் தடங்களை இருவரும் பார்த்தோம். சுமதி ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, "இதுல ஏறுனா எங்கீங்க போகும்?" என்றாள்.

வந்த நாளிலிருந்து ஊருக்குத் திரும்பப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த பஸ் எங்கே போகும் என்று தெரியவில்லை.